பட்டியலில் வராத நகல்

காலையிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊர் உலகமெல்லாம் தங்கள் மென்பொருளுக்குள் எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் ஒரு சின்ன பேக்கேஜில் கோளாறு என்று அறிவிப்பு வந்திருந்தது. சில எண்களின் தசமப்புள்ளிகளை அது தப்பாகக் கணக்கிடுகிறதாம். இவர்களுடைய மென்பொருளோ ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் எடைக்கேற்ப மருந்தளவு சொல்வது. ‘அந்தப் பேக்கேஜ் எங்களிடம் இல்லை’ என்று நாலு மணிக்குள் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போக வேண்டும்.

மென்பொருளுக்குள் என்னென்ன பேக்கேஜ் இருக்கிறது என்று சோதிக்கும் கருவி, ‘இல்லை’ என்று பச்சை காட்டிவிட்டது. அறையில் எல்லோருக்கும் நிம்மதி. அவள் மட்டும் அந்தப் பச்சையைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

மூன்று வருஷம் முன்னால், இந்த மென்பொருளைக் கட்டும்போது, அந்தப் பேக்கேஜின் புதுப் பதிப்பு ஒத்துவராமல் உயிரை எடுத்தபோது, பழையதை முழுசாக நகலெடுத்து உள்ளேயே ஒரு ஃபோல்டரில் போட்டவள் அவள்தான். முறைப்படி இறக்கினால்தான் கருவி பார்க்கும் பட்டியலில் ஏறும். நகலைக் கருவி கண்டுபிடிக்க வேண்டுமானால் பெயரும் பதிப்பும் எழுதிய குறிப்பு கூடவே இருக்க வேண்டும். வைத்த மாதிரிதான் ஞாபகம். அப்புறம் ஏன் பச்சை?

கணவனுக்குப் போன் போட்டாள்.

“கருவியே இல்லைன்னு சொல்லுது. நீ எதுக்கு வாயைக் குடுத்து மாட்டிக்கிற? வேலை போயிடும்.”

“குழந்தைங்களுக்குப் போற மருந்துடா.”

போனை வைத்தாள். அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், தாகமில்லாமல் தண்ணீர் குடித்தாள். மூன்றரைக்கு மேனேஜர் அறைக்குப் போனாள்.

“சார், அந்தப் பேக்கேஜ் நம்மகிட்ட இருக்கு. நான்தான் வச்சேன்.”

“பட்டியல்ல இல்லையேம்மா.”

“நகலா இருக்கு.” அவருடைய கணினியிலேயே திறந்து காட்டினாள். குறிப்பைக் காணோம். யார் யார் கை வைத்தார்கள் என்ற வரலாற்றைப் பார்த்தாள். முதலில் அவள் பெயர். அடுத்தது, போன வருஷம், மேனேஜர் பெயர்: ‘குறிப்பை நீக்கினேன். பழைய பதிப்பு என்று கருவி தரும் எச்சரிக்கைத் தொல்லை தாங்கவில்லை.’

அவர் முகம் வெளிறிப்போனது. “கதவைச் சாத்தும்மா. ரிட்டயராக ரெண்டு மாசம்தான் இருக்கு.”

பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. கதவைச் சாத்தாமல் மேஜைப் போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசினாள்.

“குழந்தைங்க மருந்தளவை எல்லாம் இனிமே கையால கணக்குப் போட்டுப் பாருங்க. எங்க மென்பொருள் தப்பாக் காட்டலாம். கடிதம் பின்னாடியே வருது.”

மறுமுனையில் நர்ஸ் பதறவில்லை. “எப்பலேருந்து?” என்று மட்டும் கேட்டாள்.

காலையிலிருந்து நாலு மணிக்காகவே தவித்தவளுக்கு அப்போதுதான் அது உறைத்தது.

“மூணு வருஷமா,” என்றாள்.