சிரித்த முகத்தோடு ஒரு விவாகரத்து

என் தம்பி வாகீசன் ஒரு கறித்தூள் கம்பனியின் விற்பனையாளன். கனடாவில் வின்சரிலிருந்து மொன்றியல் வரை எந்தத் தமிழ்க் கடைக்குப் பின்கதவு எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியும். கடைக்காரர் வேண்டாம் என்றால் வாதாட மாட்டான். "சரி அண்ணை, ஒரு பெட்டி வைச்சிட்டுப் போறன். விக்காட்டி நானே எடுக்கிறன்" என்பான். விற்காத பெட்டியை முகம் கோணாமல் திருப்பி எடுப்பான். இரண்டு கிழமை கழித்து அதே சிரிப்போடு மறுபடியும் போய் நிற்பான்.

கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. அஜின்கோர்ட்டில் பத்மநாதன் அண்ணையின் கடையில் அவருடைய மகள் நிலாணி கவுன்ரரில் நிற்பாள். கறித்தூள் பெட்டிகள் கூரையைத் தொட்ட பிறகுதான் தகப்பனுக்கு விஷயம் விளங்கியது.

விட்பியில் வீடு வாங்கினார்கள். வாகீசன் அதில் சனி, ஞாயிறு தங்குவான். ஞாயிறு பின்னேரமே வான் வண்டியில் பெட்டி ஏற்றத் தொடங்கிவிடுவான். நிலாணியின் தாய் இறந்தபோது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு மருமகன் வரவில்லை. கோர்ன்வோலில் அன்றைக்கு ஒரு கடைத் திறப்பு விழா. தனக்குப் பதிலாக மூன்று பெட்டி கறித்தூள் அனுப்பிவைத்தான். சமையல்காரருக்கு மட்டும் சந்தோஷம்.

சில மாதங்களில் நிலாணி, இந்தக் கல்யாணம் தனக்கு வேண்டாம் என்றாள். அவன் "சரி" என்றான். அன்றைக்கே உடுப்புகளை எடுத்துக்கொண்டு சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு சிநேகிதனின் அபார்ட்மென்டுக்குப் போய்விட்டான். இந்த நாட்டில் ஒரு வருடம் பிரிந்திருந்தால்தான் விவாகரத்துத் தருவார்கள். மனம் மாறினாலும் மாறட்டும் என்று வைத்திருக்கிறார்கள்போல.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்டா, போகாதேங்கோ எண்டு அவளைச் சொல்ல வைக்கத் தெரியேல்லையோ? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"அக்கா, வேண்டாம் எண்ட இடத்தில சிரிச்ச முகத்தோட எடுத்துக்கொண்டு வரவேணும். அப்பதான் திரும்பிப் போகேக்க கதவு திறக்கும்."

"அவள் கடையில்லையடா."

"தெரியும்" என்றான். தெரியவில்லை.

மார்ச் மாதம் ஊர் சுற்றும் வேலையை விட்டுவிட்டு, அதே கம்பனியின் களஞ்சியத்தில் வேலை எடுத்தான். ஒருவருக்கும் சொல்லவில்லை. கோர்ட் வேலை முடியட்டும், பிறகு புதிதாகப் போய்க் கேட்கலாம் என்பது அவனுடைய திட்டம். ஓகஸ்டில் விவாகரத்து வந்தது. அந்தச் சனிக்கிழமை புதுச் சேட் போட்டுக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பத்மநாதன் அண்ணையின் கடைக்குப் போனான். வீட்டுப் பெரியவர் ஒருவர் கூடப் போனால்தானே அது பெண் கேட்பது.

நிலாணி கவுன்ரரில் நின்றாள். ஒருவருக்கு வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தாள்.

"நான் அந்த வேலையை விட்டிட்டன், நிலாணி. இப்ப ஒவ்வொரு நாளும் பின்னேரம் வீட்டை வந்திடுவன். திரும்பக் கட்டுவமோ எண்டு கேக்க வந்தனான்."

"எப்ப விட்டனீங்கள்?"

"மார்ச்சில."

"கோர்ட்டில முடியுமட்டும் ஏன் சொல்லேல்லை?"

"நீர் வேண்டாம் எண்டு சொன்னனீர்."

அவள் வெண்டிக்காய்ப் பையை முடிச்சுப் போட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"மொன்றியலில ஒரு கடைக்காரர் உங்களை ஏழு தரம் கலைச்சவர். எட்டாந் தரமும் போனனீங்கள். நான் ஒருக்காத்தான் சொன்னனான். அந்த வருசம் முழுக்க, வருவீங்கள் எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான்."

இனி அவன் கெஞ்சவேண்டும். அதற்காகத்தான் அவள் நிற்கிறாள். வெண்டிக்காய் வாங்க வந்த மனுசனுக்கே அது விளங்கி, காசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் வாகீசனின் முதுகில் இடித்தேன்.

அவன் சிரித்தான்.

"சரி நிலாணி. நீர் சொல்லுறதும் சரிதான்" என்று சொல்லிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே போனான்.

நிலாணி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். பிறகு கையால் முகத்தைத் துடைத்தாள்.

"மச்சாள், நீங்கள் ஏதும் வாங்க வந்தனீங்களோ?" என்று கேட்டாள்.