முதல் துண்டு

எனக்கு ஆறு வயதில் வேலை கிடைத்தது. சிபாரிசு, நேர்முகம் எதுவும் கிடையாது. தாத்தா இறந்து மூன்றாம் நாள் கடை திறந்தபோது, அப்பா என்னைத் தூக்கி ஒரு மரப்பெட்டியின் மேல் நிறுத்தி, "வாயைத் திற" என்றார். அதுதான் பணி நியமனம்.

எங்களுடையது கறிக்கடை. வெள்ளை ஓடு பதித்த சுவர், ஏழு கொக்கி, நடுவில் குழி விழுந்த வெட்டுக்கட்டை, தராசுக்குப் பக்கத்தில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. கறிக்கடையில் அடுப்பு எதற்கு என்று கேட்பீர்கள். காலையில் கடை திறந்ததும் அன்றைய கறியில் ஒரு துண்டை அறுத்து, உப்பு மட்டும் போட்டு வதக்கி, வரிசையில் நிற்கிறவர்கள் கண் முன்னால் எங்கள் வீட்டு ஆள் ஒருவர் தின்று காட்ட வேண்டும். தின்றுவிட்டு "நல்லாயிருக்கு" என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் தராசு அசையும். எப்போதோ கால்நடைக்கு நோய் வந்து, ஜனங்கள் கறி என்றாலே காத தூரம் ஓடியபோது தாத்தா கண்டுபிடித்த உபாயம் அது. நோய் போய்விட்டது, உபாயம் போகவில்லை. அதற்கு முதல் துண்டு என்று பெயர்.

தாத்தா சாகிறவரைக்கும் அவரே தின்றார். அவருக்குப் பிறகு நான். நடுவில் இருந்த அப்பாவைத் தாண்டி அந்தப் பதவி எப்படி என்னிடம் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பதவி கிடைத்தவன் அதையெல்லாம் கேட்பானா?

ஒன்பது வருஷம் தின்றதில் என் நாக்கு கொஞ்சம் படித்த நாக்காகிவிட்டது. ஆடு கடைசியாக மேய்ந்தது புல்லா இலையா, முந்தின நாள் மழையில் நனைந்ததா என்பதெல்லாம் சொல்லிவிடுவேன். ஒருமுறை, இந்த ஆடு இடது கால் நொண்டி என்றேன். விற்ற ஆளையே வரவழைத்து விசாரித்தார்கள். அவர் வலது கால் என்றார். "ஆட்டுக்கு வலதா, உங்களுக்கு வலதா?" என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

நாக்கு படித்தால் போதுமா, சட்டையும் படித்துவிட்டது. நான் பள்ளிக்கூடம் போனால் பதினொரு நாய்கள் பின்னாலேயே வரும். வகுப்பு வாசலில் வரிசையாக உட்காரும். வருகைப்பதிவு எடுக்கும்போது வாத்தியார் என் பெயரைச் சொன்னால் பன்னிரண்டு குரல் கேட்கும். அதில் ஒரு நாய் மூன்றாம் பாடத்துக்கு மேல் தங்காது. அதன் வீட்டுக்குக் கடிதம் போயிற்று.

எனக்குப் பதினைந்து வயதானபோது என் பெஞ்சில் மருந்துக்கடைக்காரர் மகள் உட்கார்ந்திருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை அவள் புத்தகங்களை எடுத்துக்கொண்டு முன் பெஞ்சுக்குப் போனாள். "தப்பா நினைச்சுக்காதே. உன் சட்டைல கொழுப்பு வாசனை வருது. எனக்குக் குமட்டுது" என்றாள். கோபமே இல்லாமல், மருந்துச் சீட்டு படிக்கிற மாதிரி சொன்னாள்.

அவள் சொன்னது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு ஜீவகாருண்யம் வந்துவிட்டது.

கேட்கிறவர்களிடம் நான் வேறு காரணம்தான் சொல்வேன். மூன்றாவது கொக்கியில் தொங்கிய ஆடு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டியது என்பேன். ஐம்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி, இப்போது அது எந்தக் கண் என்றுகூட ஞாபகம் இருக்கிறது.

ஞாயிறு காலை வரிசை தெருமுனை வரை நின்றது. முதல் ஆள் வழக்கம்போல, நாங்கள் மூக்கு என்று பட்டப்பெயர் வைத்திருந்தவர். ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர். அவர் மூக்கு கடைக்குள் நுழைந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் நுழைவார். அப்பா துண்டை வதக்கி முள்கரண்டியில் குத்தி என் வாயருகே நீட்டினார்.

"வேண்டாம்ப்பா. இனிமே நான் கறி சாப்பிடறதில்ல."

"விளையாடாதே. வாயைத் திற."

"முடிவு பண்ணிட்டேன்ப்பா."

வீட்டில் சொல்லியிருக்கலாம். முந்தின நாள் சாயங்காலம் முழுக்க அவர் கத்தி தீட்டிக்கொண்டு சும்மாதான் உட்கார்ந்திருந்தார். ஆனால் கேட்பதற்கு ஆள் இல்லாத தியாகத்தில் பதினைந்து வயதுக்காரனுக்கு என்ன ருசி இருக்கிறது?

அப்பா வரிசையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கறிக்கடைக்காரர் எவரும் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னார்.

"பையனுக்கு ரெண்டு நாளா வயிறு சரியில்ல."

மூக்கு நிமிர்ந்தது. "ரெண்டு நாளைக்கு முன்னாடி என்ன சாப்பிட்டான்?"

அப்பாவுக்குப் பொய் ஒரு வேளைக்கு ஒன்றுதான் வரும். இரண்டாவதற்கு அவரிடம் சரக்கு இல்லை. "இங்கதான்... முதல் துண்டு" என்றார்.

வரிசையில் ஒரு அம்மாளுக்கு அடுப்பில் பால் வைத்தது நினைவுக்கு வந்தது. அவருக்குப் பின்னால் நின்ற நாலு பேருக்கும் அதே பால் நினைவுக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் தெருமுனை வரை பால் பொங்கிவிட்டது.

மூக்கு மட்டும் நகரவில்லை. "அவன் கிடக்கறான். நீங்க சாப்பிட்டுக் காட்டுங்க. நல்ல கறின்னா எல்லாரும் திரும்பி வருவாங்க. இல்லேன்னா நானும் போறேன்" என்றார்.

அப்பா முள்கரண்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதட்டப்போகிறார் என்று நினைத்தேன். அதட்டவில்லை. துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

ஒரு துண்டுக் கறியை மனிதன் எவ்வளவு நேரம் மெல்லலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். சுவர்க்கடிகாரம் எட்டு அடிக்க ஆரம்பித்து, அடித்து முடித்தது. அவர் தொண்டை இரண்டு முறை மேலே வந்து மூன்றாவது முறை கீழே போனது.

"நல்லாயிருக்கு" என்றார்.

"கண்ணு கலங்குதே?" என்றது மூக்கு.

"எங்கப்பா ஞாபகம் வந்துடுச்சு."

அது அவருடைய இரண்டாவது பொய். எங்கிருந்து வந்ததோ, அற்புதமாக எடுபட்டது. மூக்கு கையை உயர்த்தி ஆட்களைக் கூப்பிட்டார். வரிசை திரும்பி வந்தது. எல்லாருக்கும் நிறுத்துப் போட்டு முடித்த பிறகு அப்பா பின்பக்கம் போனார். அங்கே தண்ணீர்க் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

என் மேல் கோபம் என்றுதான் நினைத்தேன். மத்தியானம் அம்மா எனக்கு முட்டைக்கோஸ் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"உங்கப்பா கறி தின்னு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?"

"தினமும்தானே திங்கறார்?"

"நீ பார்த்தியா?"

யோசித்துப் பார்த்தேன். பார்த்ததில்லை. அப்பா எப்போதும் கடைசி ஆளாக, சமையலறைக்குள், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுவார். கை ஓயாமல் வேலை செய்கிறவர், தனியாகச் சாப்பிடப் பிடிக்கும் என்று நினைத்திருந்தோம்.

"எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே விட்டுட்டார். அவர் தட்டுல நான் போடறது பீன்ஸ். தாத்தாவுக்கே தெரியாது. கறிக்கடைக்காரன் கறி தின்னலேன்னு தெரிஞ்சா எவன் வருவான்?"

"ஏன் விட்டார்?"

"கேட்டதில்ல. தினமும் வெட்டறவருக்குத் தெரியாதா." முட்டைக்கோஸை இன்னொரு கரண்டி போட்டாள். "இன்னிக்குக் குடல் வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுத்திருக்கார். நாளைக்கு நீ போய் நில்லுடா கண்ணு. ஒரே ஒரு துண்டு. மாத்திரை மாதிரி விழுங்கிட்டு வந்துடு."

"அது கொள்கைம்மா."

"யாரோட கொள்கை? உன்னுதா, அவரோடதா?"

நான் முட்டைக்கோஸைத் தின்று முடித்தேன். மறுநாள் கடைக்குப் போகாமல் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். நாய்கள் முகர்ந்து பார்த்துவிட்டு மரியாதையாக ஒதுங்கின. புதன்கிழமை மருந்துக்கடைக்காரர் மகள் என் பெஞ்சுக்குத் திரும்பி வந்தாள். அதற்கு மேல் நான் எப்படிப் பின்வாங்குவது?

அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் தின்றார், தினமும் "நல்லாயிருக்கு" என்றார், தினமும் குழாயைத் திறந்தார். ஒரு வருஷத்தில் கால்சட்டைக்குக் கயிறு கட்டிக்கொள்ளும்படி ஆனார். "பையன் இன்னும் அப்படித்தானா?" என்று மூக்கு கேட்டால், "வைராக்கியக்காரன். என்னை மாதிரி இல்ல" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் வயிறு நிறையச் சாப்பிட்ட மனிதனின் குரல் மாதிரி இருக்கும்.

மருந்துக்கடைக்காரர் மகள் பள்ளி முடித்ததும் படிக்க எங்கேயோ போய்விட்டாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. எனக்குப் பத்தொன்பது வயதில் தொலைபேசி இலாகாவில், வேறு ஊரில் வேலை கிடைத்தது. சேர்ந்த முதல் வாரம் கூட வேலை பார்ப்பவர்கள் சாப்பிடக் கூட்டிப் போனார்கள். பரிமாறுகிறவர் தட்டை மாற்றி வைத்துவிட்டார். எனக்கு முன்னால் கறி.

இந்த இடத்தில் பெரிய போராட்டம் நடந்ததாகச் சொல்ல எனக்கும் ஆசைதான். நடக்கவில்லை. தட்டைத் திருப்பி அனுப்பச் சோம்பலாக இருந்தது. பசி வேறு. தின்றேன். நாலு வருஷம் ஓய்வு எடுத்த நாக்குக்கு ஒரு பழுதும் இல்லை. ஆடு முந்தின நாள் மழையில் நனைந்திருந்தது. "நல்லாயிருக்கு" என்று வாய் தானாகவே சொன்னது. பிறகு வாரம் மூன்று நாள் தின்றேன்.

அந்த மாதம் அப்பாவுக்கு ஒரு நீளமான கடிதம் எழுதினேன். ஊரில் தண்ணீர் நன்றாக இருக்கிறது, அதிகாரி தங்கமானவர், அறையில் காற்று வருகிறது என்றெல்லாம் எழுதினேன். சாப்பாட்டைப் பற்றி எழுத இடம் போதவில்லை.

முதல் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். ரயில் நிலையத்திலேயே இரண்டு கறி ரொட்டி தின்றுவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். நான் வருகிறேன் என்று அன்றைக்குக் கடைக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். அப்பா பாதியாகியிருந்தார். பரண்மேல் ஏறி, செய்தித்தாளில் சுற்றிய ஒரு வாணலியை இறக்கினார்.

"உனக்குன்னு வாங்கி வச்சேன். இதுல கறி பட்டதே இல்ல. வேற யாரையும் தொடவிடல" என்றார்.

அதில் அவரே பீன்ஸ் வதக்கினார். எனக்குப் போட்டார், தனக்கும் போட்டுக்கொண்டார். முதல் தடவையாக எனக்கு எதிரே, முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நிதானமாக மென்றார். ஒரு மனிதன் அவ்வளவு சந்தோஷமாகப் பீன்ஸ் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

"நீ வந்தா எனக்கும் ஒரு நாள் லீவு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, அம்மாவுக்குக் கேட்காமல், "அன்னிக்கு நீ வேண்டாம்னு சொன்னப்ப அடிச்சிருப்பேன்டா. கை வரல. உன் வயசுல எங்கப்பாகிட்ட நான் சொல்ல நினைச்சது அது. நாளைக்கு அந்தக் கரண்டியை எடுக்கறப்ப உன்னைத்தான் நினைச்சுப்பேன். நீ ஒருத்தனாவது தப்பிச்சியே, அது போதும்" என்றார்.

ஏப்பம் வரும்போலிருந்தது. வாயை இறுக்கி மூடி அடக்கிக்கொண்டேன்.

"இன்னும் கொஞ்சம் பீன்ஸ் போடுங்கப்பா" என்றேன்.

போட்டார்.

அதற்குப் பிறகு பதினொரு வருஷம், கடை திறந்த ஒரு காலையும் விடாமல், அவர் முதல் துண்டைத் தின்றார்.