பதினாலாம் நாள் கையெழுத்து

அந்த மருத்துவமனையில் சிறுநீரகம் கொடுப்பவர்கள் இரண்டு முறை கையெழுத்துப் போடவேண்டும். முதல் கையெழுத்துக்குப் பதினாலு நாள் கழித்து, தனி அறையில் உட்கார்த்தி மறுபடி கேட்பார்கள். மனசு மாறியிருந்தால் ஏன் எதற்கு என்று துருவமாட்டார்கள். நோயாளியிடம் "டாக்டர் வேண்டாம்னுட்டார்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

இன்று பதினாலாம் நாள். அறைக்கு வெளியே பெஞ்சில் அக்காவும் தம்பியும். சிறுநீரகம் கொடுக்கப்போகிற அக்கா பள்ளி பஸ் ஓட்டுகிறவள். அதை வாங்கிக்கொள்ளப்போகிற தம்பி கல்லூரியில் தத்துவ வாத்தியார். நாற்பத்தாறு வயசாகியும் வாய் மட்டும் ஓயவில்லை.

"அக்கா, அன்னைக்குக் கையெழுத்துப் போட்டது வேற ஆளு. காலம் போகப் போக மனுஷன் மாறிடறான். அந்த ஆளு குடுத்த வாக்கு இன்னைக்கு இருக்கிற உன்னைக் கட்டாது."

"அப்போ போன மாசம் என் குடையைத் தூக்கிட்டுப் போனதும் வேற ஆளா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நாலு நாள் ராத்திரி கண்விழித்து அவன் தயார்பண்ணிய பேச்சு அது. அவளுக்கு ஒரு வழி திறந்துவிடவேண்டும் என்றுதான் பேசினான். அந்த வழியில் போய்விடுவாளோ என்று பயமாகவும் இருந்தது. உயிர்மேல் அவனுக்கு அவ்வளவு ஆசை. அதைச் சொல்லத்தான் வெட்கம்.

"நேத்து வேண்டாம்னு சொல்லிடலாம்னு போனைக் கையில எடுத்துட்டேன்டா," என்றாள் அக்கா, தரையைப் பார்த்தபடி.

அவன் ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் நர்ஸ் எட்டிப்பார்த்தாள். "அம்மா, நீங்க மட்டும் வாங்க."

கதவு சாத்திக்கொண்டது. பதினோரு நிமிஷம். காலத்தைப் பற்றி இருபது வருஷமாகப் பாடம் நடத்தியவனுக்கு அது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது.

அக்கா வெளியே வந்து பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"போட்டாச்சு."

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"நீ சொன்னது சரிதான்டா. அன்னைக்குப் போட்டவளுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது. ஏதோ பார்சல் வாங்குற மாதிரி போட்டுட்டுப் போயிட்டா. அவ குடுத்த வாக்கு எனக்கு வேண்டாம்னு விட்டுட்டேன்." கையை நீட்டிக் காட்டினாள். இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. "இன்னைக்குப் போட்டது இந்தப் பயந்தாங்கொள்ளிதான்."

தம்பி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான்.