ஸ்டேஷன் வந்தால் கழலும் கொக்கி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பல் டாக்டரின் நாற்காலியில். இரண்டு கைகளையும் என் வாய்க்குள் விட்டுக்கொண்டு சொன்னார். குறுக்குக் கேள்வி கேட்க வழியில்லை. ஆகவே எங்காவது ஓட்டை தெரிந்தால் அதை என் கடைவாய்ப் பல்லின் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் எழுதிய வரி: "மனித உறவுகளைப் போலவே ரயில் பெட்டிகளும்..." அடித்துவிட்டேன். அப்படித் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

மறுபடியும். டாக்டர் வீட்டு மாடி அறையில் ஒரு பொம்மை ரயில் ஓடுகிறது. (பொம்மை என்று அவர் காதுபடச் சொல்லிவிடாதீர்கள். மாதிரி ரயில்.) பன்னிரண்டு பெட்டிகள். ஸ்டேஷனை நெருங்கும்போது ஏதாவது இரண்டு பெட்டிக்கு நடுவே கொக்கி தானாகத் திறந்துகொள்ளும். எஞ்சின் பாதி ரயிலோடு போய்விடும். மீதி பிளாட்பாரத்தில் அநாதையாக நிற்கும்.

2

டாக்டர் பகல் முழுக்க வாயைத் திறக்க மாட்டேன் என்கிறவர்களோடு மல்லுக்கட்டுகிறார். மாடிக்கு வந்தால், மூடிய வாயை மூடியே வைத்திருக்கத் தெரியாத கொக்கிகள். விட்டுவிடுகிற ஆளில்லை அவர். கொக்கிகளின் உயரத்தைச் சமப்படுத்தினார். பல் அராவுகிற அரத்தால் பிசிறை அராவினார். ஸ்பிரிங்கை மாற்றினார். எண்ணெய் விட்டால் தூசி ஒட்டும் என்று பென்சில் கரியைத் தூவினார். கடைசியில் நான்காவது பெட்டியைக் கிளினிக்குக்கு எடுத்துப்போய் எக்ஸ்ரே எடுத்தார். கவசம் போர்த்திவிட்டாரா என்று கேட்க நினைத்தேன், வாயில் பஞ்சு.

மேசையில் வைத்து இழுத்தால் எல்லாக் கொக்கியும் உடும்புப் பிடி. ஸ்டேஷன் வந்தால் போச்சு.

அவர் மனைவிக்கு அந்த அறை வேண்டும். தையல் வகுப்புக்கு ஆள் சேர்ந்தாயிற்று. மெஷின்கள் கூடத்தில் சோபாவுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே நெருக்கியடித்து நிற்கின்றன. பேசி முடித்தது இது: ஞாயிற்றுக்கிழமை ரயில் அறுபடாமல் மூன்று சுற்று வந்தால் அறை டாக்டருக்கு. ஒரு பெட்டி கழன்றாலும் பலகையைப் பிரித்து அறையைக் காலி பண்ண வேண்டும். நடுவர், அந்த அம்மாவின் அண்ணன்.

3

[அண்ணன் கதைக்குத் தேவையா என்று யோசித்துத் தூக்கிவிட்டேன். அடுத்த பத்தியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.]

மாதிரி ரயில் சங்கத்தின் நிறுவனத் தலைவர் அவர். சங்கத்தில் மொத்தம் நாலு பேர். மற்ற மூவரும் துணைத் தலைவர்கள். டாக்டர் தண்டவாளம் போட்ட புதிதில் இவரே திறப்பு விழா என்று அறிவித்து, இவரே பேசி, தன் அன்பளிப்பாக ஸ்டேஷன் முன்னால் எதையோ பதித்து, மேலே ஜல்லி கொட்டிவிட்டுப் போனார். பதித்தது என்ன என்பது அவருக்கு மறந்துவிட்டது. பேசியது மறக்கவில்லை.

"மாப்பிள்ளை, பிரச்சினை கொக்கியில இல்லை. கட்டுப்பாட்டுல இருக்கு," என்றார். ஸ்டேஷன் வந்தால் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும், அது சங்க விதி, விதியை எழுதியதே தான்தான் என்றும் சொன்னார்.

"குறைக்காம போனா என்ன மச்சான்? இறங்குறதுக்குத்தான் யாரும் இல்லையே."

"இன்னைக்கு இறங்க ஆள் இல்லைம்பீங்க. நாளைக்கு ஸ்டேஷனே எதுக்கும்பீங்க."

4

இந்தப் பகுதி டாக்டர் சொன்னதில்லை. நானாக வைத்தது.

வெள்ளிக்கிழமை அந்த அம்மா, எத்தனை மெஷின் போடலாம் என்று பார்க்க டேப்போடு மாடிக்குப் போகிறார். உதட்டில் கவ்வியிருந்த குண்டூசிகளில் ஒன்று ஸ்டேஷன் முன்னால் விழுகிறது. விழுந்தது படுக்கவில்லை, ஜல்லிமேல் நட்டுவைத்த மாதிரி நிற்கிறது. கிளறிப் பார்த்தால் காந்தம். கொக்கிக்குக் கீழே தொங்கும் கம்பியை இழுத்து, கை வைக்காமலே பெட்டியைக் கழற்றிவிடுவதற்கென்றே செய்த காந்தம். வேகமாகப் போனால் கொக்கி விறைப்பாக இருக்கும், ஒன்றும் ஆகாது. வேகம் குறைந்து, தளர்ந்த கொக்கி நேர் மேலே வந்தால் திறந்துவிடும். இரண்டு பெட்டிகளைத் தள்ளிப் பார்த்தே அந்த அம்மா புரிந்துகொண்டார்.

ஜல்லியை மூடிவிட்டுக் கீழே வந்தார். அன்றைக்கு டாக்டரிடம் வழக்கத்துக்கு மேல் அன்பாகப் பேசினார்.

(ஊசியை அங்கே விழவைத்தது நான். விழாமலிருந்தால் ரயில் பாட்டுக்குக் கழன்றிருக்கும், யார்மேலும் பழியில்லை. இப்போது பாருங்கள்...)

5

ஞாயிறு. முதல் சுற்றில் டாக்டர் விதிப்படி வேகத்தைக் குறைத்தார், தளர்ந்த கொக்கி எதுவும் காந்தத்துக்கு நேரே அகப்படவில்லை, கழலவில்லை. இரண்டாவதும் தப்பியது. நடுவர் அதற்குள், தன் வழிகாட்டுதலில் கிடைத்த வெற்றி பற்றி நாலு வார்த்தை பேச எழுந்துவிட்டார். மூன்றாவது சுற்று. டாக்டர் வேகத்தைக் குறைக்கும் திருகில் கை வைத்தார். மனைவி பக்கம் திரும்பி, தணிந்த குரலில் கேட்டார்:

"இதுவும் போச்சுன்னா நான் வேற எங்க போய் உக்காருவேன்?"

நியாயமான கேள்வி. கூடத்து மூலையில் இத்தனை வருஷம் தைத்துக்கொண்டிருப்பவரிடம் கேட்டார் என்பதுதான் இடிக்கிறது.

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அந்த அம்மா, "குறைக்காம விடுங்க," என்கிறார், அறை டாக்டருக்குப் போகிறது. படித்த நண்பர்கள் கண் கலங்கினார்கள். எல்லோரும் ஆண்கள். இன்னொன்றில் பேசாமல் நிற்கிறார், பெட்டி கழல்கிறது. படித்த என் மனைவி, "சரி, அதுக்கென்ன இப்போ?" என்றாள். மூன்றாவதில் தலைவருக்குக் காந்தம் ஞாபகம் வந்து மன்னிப்புக் கேட்கிறார். நம்பும்படி இல்லை, கிழித்துவிட்டேன்.

ரயில் ஸ்டேஷனை நெருங்குகிறது. டாக்டர் கை திருகத் தொடங்கிவிட்டது. அந்த அம்மா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். எழுதுமுன் ஒன்று: உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள உங்கள் வீட்டில் உங்களுக்கென்று ஓர் அறை இருக்கிறதா? இருப்பவர்கள், அந்த அம்மாவைப் பேசவைக்க அவசரப்படாதீர்கள்.