தெய்வநாயகத்துக்குப் பதில் இவர்

பூங்கோதை இட்லி பரிமாறிக்கொண்டிருந்தபோது சாப்பாட்டு மேஜைக்குக் கீழே எழுத்து ஓடியது: "இனி தெய்வநாயகத்துக்குப் பதில் இவர்." அது தொலைக்காட்சித் தொடர் நடக்கும் வீடு. அங்கே இது வழக்கம்தான். போன வருஷம் நாத்தனாரை இப்படித்தான் மாற்றினார்கள். அதே சேலையில் வேறொருத்தி வந்து, முந்தியவள் வைத்துவிட்டுப் போன பாதிக் காபியைக் குடித்து முடித்தாள்.

இந்தத் தடவை பூங்கோதையின் புருஷன் தெய்வநாயகத்தின் நாற்காலியில் ஒரு சித்திரக்கதை வீரன் உட்கார்ந்திருந்தான். பெயர் வைரத்தோளன். முன்னாலிருந்து பார்த்தால் மலை மாதிரி இருந்தான். பக்கவாட்டில் பார்த்தால் காகிதம். வாய் திறந்தால் சத்தம் வராது. தலைக்கு மேல் வெள்ளைக் குமிழி வரும், அதில் எழுத்து இருக்கும்.

மாமியார் அகிலாண்டம் அந்தக் குமிழியைக் கரித்துணியால் துடைத்தாள்.

"சாப்பிடு ராசா. இளைச்சுட்ட."

பெற்றவளே ஏற்றுக்கொண்ட பிறகு கேட்க நாதி ஏது? பூங்கோதைக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. தொடர் எடுக்கும் அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

"ஆள் மாத்தியிருக்கோம் மேடம். உங்க வீட்டுக்காரர் இப்ப சித்திரக்கதையில இருக்கார்."

"எப்ப திரும்பி வருவார்?"

"இவர் உங்க வாசப்படியைத் தாண்டணும். தாண்டினா அவர் வந்துடுவார். எங்க கையில ஒண்ணும் இல்ல."

வெள்ளிக்கிழமை சித்திரக்கதை வந்தது. முதல் பக்கத்தில் இடிந்து தொங்கும் பாலம். மேலே ஒரு பேருந்து. அடியில் அரைக்கைச் சட்டையோடு தெய்வநாயகம் அதைத் தாங்கிக்கொண்டு நின்றார். மனுஷனுக்குத் தோள்பட்டை இறுகி மூன்று வருஷம் ஆகிறது. வலது கை காதுக்கு மேல் எழும்பாது. தினமும் காலையில் பூங்கோதைதான் தலை வாரிவிடுவாள். படத்தில் தலை கலைந்து கிடந்தது.

வைரத்தோளனிடம் காட்டினாள்.

"அம்மணி, அது என் பாலம்" என்றது குமிழி. "இதோ புறப்பட்டேன்."

நல்லவன்தான். உடனே எழுந்தான்.

"நில்லு" என்றாள் அகிலாண்டம்.

அவள் பொல்லாதவள் அல்ல. யாராவது வாசலுக்குப் போனால் நில்லு என்று சொல்வது அந்த வீட்டில் மாமியாரின் வேலை. இடி இடித்தது. வீட்டில் பதினோரு பேர். ஒவ்வொரு முகமும் மும்முறை அதிர வேண்டும். அதுவரை யாரும் அசையக் கூடாது. அதிர்ந்து முடிக்கச் சனிக்கிழமை ஆகிவிட்டது. திங்கட்கிழமை முன்கதை என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து காட்டினார்கள். வைரத்தோளன் பழையபடி மேஜையில் உட்கார்ந்து முதல் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தான்.

இப்படியே ஐந்து மாதம் போனது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தெய்வநாயகத்தின் முழங்கால் இன்னும் கொஞ்சம் மடங்கியிருந்தது. கடைசியாக வந்த இதழில் அவர் தலைக்கு மேல் சின்னதாக ஒரு குமிழி இருந்தது.

"கோதை, இன்னும் எவ்வளவு நேரம்?"

அன்றைக்கு வைரத்தோளன் ஒரு வழி கண்டுபிடித்தான். பக்கவாட்டில் திரும்பினான். காகித விளிம்பாகிச் சுவரோடு சுவராக நகர்ந்தான். அகிலாண்டம் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்கவில்லை.

அந்த வீட்டில் மனசுக்குள் நினைப்பதும் எதிரொலியோடு கூடம் முழுக்கக் கேட்கும். அதனால் பூங்கோதை தேங்காய்ச் சட்னியை மட்டும் நினைத்தாள். தேங்காய், பொட்டுக்கடலை, உப்பு. கை தானாகப் போய்ச் சீப்பை எடுத்தது. வைரத்தோளனின் ஒரு கால் வாசற்படிக்கு மேல் எழும்பியது.

வந்துடுவார், தலை வாரிவிடணும்.

வந்துடுவார், வந்துடுவார் என்று கூடம் மூன்று தடவை சொன்னது.

"நில்லு" என்றாள் அகிலாண்டம்.

இடி இடித்தது. கால் அந்தரத்தில் நின்றது. மின்விசிறிக் காற்றில் மேஜைமேல் கிடந்த சித்திரக்கதை தானாகப் புரண்டது. கடைசிக் கட்டத்தில் பாலம் இல்லை, பேருந்து இல்லை, அடியில் நின்றவரும் இல்லை. புழுதி மட்டும் வரைந்திருந்தார்கள். கீழே எழுத்து ஏதும் வருமா என்று பூங்கோதை பார்த்தாள். சித்திரக்கதையில் புதைந்துபோன ஆளுக்குப் பதில் வேறு ஆள் போடும் வழக்கம் இல்லை.

மாமனார் முகம் முதல் தடவையாக அதிர்ந்துகொண்டிருந்தது. மருமகள் முகம் எப்போதும் கடைசி. அவளுக்கு அழும் முறை நாளைச் சாயங்காலம்தான் வரும். அதுவரை சீப்பைப் பிடித்தபடி நின்றாள்.