எம்-சாண்ட் பாலைவனம்

ரெங்கராஜ் வளைகுடா வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் திரும்பிய அன்று, அறந்தாங்கிக்கு மேற்கே இருக்கிற அந்தச் சின்ன ஊரில் பாதிப்பேர் அவர் வீட்டு வாசலில்தான் நின்றார்கள். பெட்டியைப் பிரித்தால் பெரிய டிவி வரும், போனால் போகிறது ஒரு மிக்ஸியாவது வரும் என்று பார்த்தார்கள். வந்தது ஒரு மரம். மூன்று துண்டாக மடக்கிக் கட்டிய பச்சை பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம். முதலாளி பீட்டர் சார் வீட்டில் பிரியும்போது கொடுத்தது என்று சொல்லிக்கொண்டே அவர் மரத்தைத் தடவிக்கொடுத்தார். கூடியிருந்தவர்களுக்கு ஒவ்வொருவராக வேறு வேலை ஞாபகம் வந்து, வாசல் காலியானது.

அவர் மனைவி சொர்ணவல்லிக்கு மரத்தின் மேல் கோபமில்லை. கூடவே மனுஷனும் வந்திருக்கிறாரே, அது போதும் என்றுதான் நினைத்தாள். அவர் அங்கே கார் ஓட்டிய காலமெல்லாம் இங்கே எல்லாவற்றையும் ஓட்டியது அவள்தான். வயலில் போர்வெல் போட்டது, வரப்புத் தகராறு, மகள் ரம்யாவை எந்தக் காலேஜில் சேர்ப்பது, எதுவானாலும் முடிவெடுத்தது அவள். ஆனால் பொம்பளை சொல்லை ஊரில் யார் கணக்கில் எடுக்கிறார்கள்? "வீட்டுக்காரரு என்ன சொல்றாரு?" என்று கேட்பார்கள். "அவுகளக் கேட்டுச் சொல்றேன்" என்பாள். வீட்டுக்குப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, மறுநாள் வந்து தான் முதல்நாளே எடுத்த முடிவை அவர் சொன்னதாகச் சொல்வாள். உடனே வேலை நடக்கும். ஊரில் ரெங்கராஜுக்கு நல்ல விவரமான ஆள் என்று பெயர்.

இந்த நாடகம் அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. இனிமேலாவது இந்த வீட்டைப் பற்றி அவர் வாயால் ஒரு வார்த்தை நிஜமாக வரும் என்று காத்திருந்தாள். வந்ததெல்லாம் அந்த வீட்டைப் பற்றித்தான். "நம்ம வீட்ல காலையில லெமன் டீதான்" என்பார். "நம்ம வீட்ல சத்தமாப் பேசவே மாட்டோம்" என்பார். தன் வீட்டில் என்றைக்கு இப்படியெல்லாம் நடந்தது என்று முதல் வாரம் சொர்ணவல்லி குழம்பிப்போனாள். பிறகு புரிந்தது, அவர் 'நம்ம வீடு' என்றது பீட்டர் சார் வீட்டை. புரிந்தபின் வலித்தது.

மார்கழி பிறந்ததும் அவர் கிறிஸ்துமஸ் கொண்டாடப்போவதாக அறிவித்தார். வேதத்தில் சேர்ந்து மதம் மாறவெல்லாம் இல்லை, பழக்கதோஷம் என்றார். பீட்டர் சார் குடும்பம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பாலைவனத்துக்குப் போய் மணலில் கூடாரம் அடிக்குமாம். மரத்தை நட்டு, எல்லாரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கரி அடுப்பைச் சுற்றி உட்காருவார்களாம். கத்திரிக்காயைச் சுட்டுப் பிசைந்து, குபூஸ் ரொட்டியில் வைத்து, முதல் வாயை வீட்டுத் தலைவர் எல்லாருக்கும் தன் கையால் ஊட்டிவிடுவாராம். டிரைவருக்கும் உண்டாம்.

"மத்த நாள்ல எங்க சாப்புடுவீக?" என்று சொர்ணவல்லி கேட்டாள்.

"பின்னாடி நம்ம ரூம்ல" என்றார் அவர், அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பது போல.

ஆற்று மணலை அள்ளினால் போலீஸ் பிடிக்கும் என்பதால், பாலைவனத்துக்கு, கல்லை உடைத்துச் செய்கிற எம்-சாண்ட் ஒரு டிப்பர் வந்து இறங்கியது. சாம்பல் நிறத்தில் வாசலை அடைத்துக் கிடந்த மணலைப் பார்த்ததும் கொத்தனார் செல்லமுத்து வந்துவிட்டார், மாடி எடுக்கிறதாகத் தெரிகிறதே, ஆள் வேண்டுமா என்று. உட்காருவதற்காக இறக்கிய மணல் என்று ரெங்கராஜ் சொன்னதை அவர் நம்பவில்லை. மறுநாள் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தோடு வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். மரத்தில் நட்சத்திரம் ஏறியதைப் பார்த்துவிட்டு அவர்தான், ரெங்கராஜ் வேதத்தில் சேர்ந்துவிட்டார் என்று டீக்கடைக்குச் சேதி கொண்டுபோனார். அன்று மாலையே கோயில் கமிட்டி ஆட்கள் வந்து, இந்த வருஷம் மார்கழிப் பொங்கலுக்கு உங்க வீட்டுக் கோயில் வரி உண்டா இல்லையா என்று ரொம்ப மரியாதையாக விசாரித்தார்கள். சொர்ணவல்லி பழக்கத்தில் "அவுகளக் கேட்டுச் சொல்றேன்" என்றாள். அவுக உள்ளே மரத்துக்கு சீரியல் பல்பு சுற்றிக்கொண்டிருந்தார். அவளே வரியைக் கொடுத்தனுப்பினாள்.

அதுவரை பொறுத்தவளுக்குக் கேக் விஷயத்தில்தான் பற்றிக்கொண்டது. அறந்தாங்கி பேக்கரியில் அவர் பிளம் கேக்குக்குச் சொல்லும்போது கூடவே நின்றாள். ஒரு முந்திரிகூட இருக்கக் கூடாது என்று அவர் கடைக்காரரிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். சொர்ணவல்லி ஆதனக்கோட்டைப் பக்கத்து முந்திரிக்காட்டில் பிறந்தவள். முந்திரி வறுபடும் வாசனையில் வளர்ந்தவள். இந்த வருஷமும் அவள் தம்பி ஒரு தூக்குவாளி நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தான்.

"ஏன், முந்திரி என்ன பாவம் பண்ணுச்சு?"

"நம்ம வீட்ல சேக்குறதில்ல புள்ள. பாப்பாவுக்கு ஆகாது. மூச்சு முட்டிரும்."

பாப்பா என்றது பீட்டர் சார் மகளை. அந்தப் பிள்ளை கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. இங்கே கேக் சாப்பிடப்போவது மூன்று பேர், மூன்று பேருக்கும் முந்திரி என்றால் உயிர். கடைக்காரர் சொர்ணவல்லியின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவசரமாக வேறு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனார். நம்ம பிள்ளைக்கு எது ஆகாதுன்னு இந்த மனுஷனுக்குத் தெரியுமா என்று கேட்க அவளுக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை. தெரியாது என்று அவர் வாயால் கேட்கப் பயமாக இருந்தது.

கிறிஸ்துமஸ் அன்று மழை விட்டு நாலு நாளாகி, ஊரே புழுங்கிக்கொண்டிருந்தது. உச்சி வெயிலில் மூன்று பேரும் ஸ்வெட்டர் போட்டு எம்-சாண்டில் உட்கார்ந்தார்கள். நெல் காயவைக்கிற தார்ப்பாய்தான் கூடாரம். ஸ்வெட்டர் எதற்கு என்று ரம்யா கேட்டாள். அதுதான் வழக்கம் என்றார் அப்பா. பாலைவனத்தில் ராத்திரி குளிர் நடுக்கும், ஸ்வெட்டர் அதற்குத்தான் என்பது அவருக்குத் தெரியாமலில்லை. ஆனால் ஒன்றை விட்டால் எல்லாம் விட்டுப்போகும் என்று அவருக்கு ஒரு பயம். வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்தவர்களுக்கு அன்று வேறு பொழுதுபோக்கு தேவைப்படவில்லை.

கத்திரிக்காயை அடுப்பில் போட்டுவிட்டு அவர் பீட்டர் சாருக்கு வீடியோ கால் போட்டார். எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு போட்டோ வந்தது. பனிமலையில் அந்தக் குடும்பம் தடித்தடி கோட்டு மாட்டிக்கொண்டு சிரித்தது. இந்தத் தடவை பனி பார்க்க வந்துவிட்டோம், பாலைவனம் போரடித்துவிட்டது என்று கீழே எழுதியிருந்தது. ரெங்கராஜ் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு போனைக் கவிழ்த்து மணலில் வைத்தார்.

சொர்ணவல்லிக்கு அப்போது அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் இவரை அவர்கள் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அந்த ஒரு நாளையே குடும்பம் என்று பிடித்துக்கொண்டு மிச்ச நாளை இவர் தள்ளியிருக்கிறார். பாவமாக இருந்தது. எரிச்சலும் கூடவே இருந்தது.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கத்திரிக்காயின் தோலை உரித்தார். உப்பும் பூண்டும் சேர்த்துப் பிசைந்தார். குபூஸ் கிடைக்காததால் சப்பாத்தியில் சுருட்டி, முதல் வாயை ரம்யாவுக்கு நீட்டினார்.

சொர்ணவல்லியின் கை தன்னால் உயர்ந்தது. ரம்யா அம்மாவைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். பிறகு வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். இரண்டாவது வாயும் வாங்கினாள்.

கேக் வெட்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டது. கழுத்தில், முழங்கையில், தடிப்புத் தடிப்பாக. ரம்யா சொறிவதைப் பார்த்து, கொசுவா, ஸ்வெட்டர் உறுத்துதா என்றெல்லாம் கேட்டார் ரெங்கராஜ்.

"கத்திரிக்கா" என்றாள் சொர்ணவல்லி. "அவளுக்கு ஒத்துக்காது. சின்னதுலருந்து."

அவர் மகளைப் பார்த்தார். "நீயாவது சொல்ல வேண்டியதுதானத்தா?"

ரம்யா சொறிந்துகொண்டே சிரித்தாள். "நீங்க ஊட்டி விட்டீங்கல்லப்பா. இதுக்கு முன்னாடி எப்ப ஊட்டுனீங்க?"

சொர்ணவல்லி உள்ளே போய் மாத்திரையும் தேங்காய் எண்ணெயும் எடுத்துவந்தாள். எண்ணெயை ரெங்கராஜ் வாங்கி, மகளின் கையில் தானே தடவினார். எங்கே எவ்வளவு தடவுவது என்று தெரியாமல் ஸ்வெட்டரெல்லாம் எண்ணெயாக்கினார். அழுகிறாரா, கரிப்புகையா என்று சொர்ணவல்லி உற்றுப் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்துச் செல்லமுத்து வந்து சேர்ந்தார், மாடி வேலை எப்போது ஆரம்பம் என்று. வந்தவரை உட்கார வைத்து, சொர்ணவல்லி சப்பாத்தி எடுத்து வைத்தாள். அவர் கத்திரிக்காய்ச் சட்டியை எட்டிப் பார்த்துக் கொஞ்சம் கேட்டார். ரெங்கராஜ் சட்டியை எடுத்துப் போய்க் குப்பைக்குழியில் கவிழ்த்துவிட்டுத் திரும்பினார்.

"எங்க வீட்டுல கத்திரிக்கா ஆகாதுண்ணே. எம்புள்ளைக்கு ஒத்துக்காது. இனிமே அது இந்த வாசப்படி ஏறக் கூடாது."

என்னமோ பிறந்ததிலிருந்து தெரிந்தவர் மாதிரி! சொர்ணவல்லிக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே போய்த் தம்பி கொடுத்த தூக்குவாளியைத் திறந்து, ஒரு கை முந்திரியை அள்ளிவந்து கேக்கின் மேல் போட்டாள். அவர் பதறவில்லை. ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மாவு மில்லில் நல்ல கூட்டம். செல்லமுத்து தன் கடமையைச் செய்திருந்தார். பக்கத்துத் தெரு அமிர்தவல்லி அரைத்த மாவைக்கூட அள்ளாமல் சொர்ணவல்லி பக்கமாக நகர்ந்து வந்தாள்.

"ஏன்டி சொர்ணம், வேதத்துல சேந்தா கத்திரிக்காய விட்டுரணுமாமே, நெசமாவா?"

மில் ஓட்டுகிறவரும் சத்தத்தைக் குறைத்துக் காது கொடுத்தார்.

"வேதமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள் சொர்ணவல்லி. "எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாரு."

சொல்லிவிட்டு, மாவு வாளியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். இந்த ஒரு தடவைதான் அது பொய் இல்லை.