1107இல் பெயர் இல்லை

சபாநாயகர் "ஓடர், ஓடர்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் பத்மநாதன் தன்னுடைய கோப்பியைக் கையில் எடுத்தான். அந்தக் கப்பில்தான் என் போனைச் சாய்த்து வைத்திருந்தேன். லண்டன் பாராளுமன்றம் மேசையில் குப்புற விழுந்தது.

"கெடுத்தாயடா!"

"எப்பிடியும் விழத்தானே போகுது அண்ணை. நாங்கள் கொஞ்சம் முந்திட்டம்," என்று சிரித்தான். முப்பது வருடம் இந்த ஊரில் டாக்சி ஓட்டியவன். வாய் மட்டும் இன்னும் ஓய்வு எடுக்கவில்லை.

போனை நிமிர்த்தி வைத்தது கிளாக்கர். ஸ்ரீஸ்கந்தராசா என்று பெயர். எங்கள் கட்டடத்தில் பதினான்காம் மாடி. கொழும்பில் தேர்தல் கந்தோரில் கிளாக்காக இருந்து, வாக்காளர் இடாப்பில் வீடு வீடாகப் பெயர் எழுதிக்கொண்டிருந்தவர். அவரைக் கிளாக்கர் என்று முதலில் கூப்பிட்டது நான்தான், மரியாதையில் அல்ல. எங்கள் பகுதியான டோர்செட் பார்க்கில் யாருக்கு எந்தப் போர்ம் வந்தாலும் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நான் ஓடியதில்லை. பெயர் எழுதிப் பழகிய கையை எனக்குப் பிடிக்காது.

2019 தை மாதம், அதாவது ஜனவரி, பதினைந்தாம் தேதி. அங்கே இரவு ஏழரை, எங்களுக்குப் பின்னேரம் இரண்டரை. கென்னடி ரோட்டு டோனட் கடையில் ஜன்னலோர மேசை. ஐரோப்பாவை விட்டுப் போவதற்கு அரசாங்கம் எழுதிக்கொண்டு வந்த ஒப்பந்தத்தை வாக்குக்கு விட்டிருந்தார்கள். எனக்கு அரசியல் பிடித்து இதைப் பார்க்கவில்லை. என் தங்கச்சி பேபி ஹரோவில் இருக்கிறாள். பிரான்சில் இருபது வருடம் இருந்து பிரெஞ்சு பாஸ்போட் எடுத்தவள். புருஷன் போனபின் லண்டனுக்கு மாறி, ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறாள். பிள்ளை இல்லை. இங்கிலாந்து ஐரோப்பாவை விட்டால் பிரெஞ்சு பாஸ்போட்காரி அங்கே எப்படி இருப்பது? இதுதான் என் பிரச்சினை.

ஆனால் அவர்கள் வாக்குப் போடும் விதம் எனக்குப் பிடித்தது. எம்பிமார் எழும்பி நடந்து போகிறார்கள். ஓம் என்பவர்களுக்கு ஒரு வாசல், இல்லை என்பவர்களுக்கு வேறு வாசல். வாசலில் நின்று தலைகளை எண்ணுகிறார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கும் அது விளங்கும். கையைத் தூக்கியவன் பிறகு தூக்கவில்லை என்று சொல்லலாம். வாசலைக் கடந்தவன் அப்படிச் சொல்ல முடியாது.

ஓம் இருநூற்றிரண்டு. இல்லை நானூற்று முப்பத்திரண்டு.

"செத்துது!" என்று மேசையில் தட்டினேன். உடனே பேபிக்கு வீடியோ கோல் எடுத்தேன். "பார்த்தியோ? உவங்கள் விட்டுப் போகமாட்டாங்கள். வீட்டுக்குள்ளையே ஒருத்தனை ஒருத்தன் நம்பாதவங்கள் எங்கை போறது? நீ ஒண்டுக்கும் பேர் குடுக்காதை."

அங்கே இருக்கிற ஐரோப்பியப் பாஸ்போட்காரர் எல்லாரும் பதியவேண்டும் என்று ஒரு புதுப் பதிவு வருகிறதாம். அதைத்தான் சொன்னேன்.

"ஓம் அண்ணை. நீங்கள் சொன்னாச் சரி."

அப்போது எனக்குக் கழிவறைக்குப் போகவேண்டியிருந்தது. போன் கிளாக்கரின் கையில் இருந்தது. திரும்பி வந்தபோது இருவரும் ஹரோக் குளிரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் ஏன் இப்படிப்பட்டவன் என்று கேட்டால், காரணம் இருக்கிறது. 1983 ஆடி மாதம் நான் வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. பேபிக்கு இருபத்தாறு வயது. டைப்பிங் படிக்க வந்து என்னோடு நின்றாள். ஒரு சிங்கள மனுசியின் பின்னறையில் இருந்தோம். வாடகைக்கு ஆள் வைத்திருப்பதை அந்த மனுசி ஒருவருக்கும் சொல்லவில்லை. எங்கள் பெயர் எந்த இடாப்பிலும் ஏறவில்லை. கலவரக்காரர் தமிழர் வீடுகளை எரிக்கக் கையில் கடுதாசியோடு வந்தார்கள். ஒருவன் இலக்கத்தை வாசிக்க, மற்றவர்கள் அந்த வாசலுக்குப் போனார்கள். நான் கதவு இடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றேன். பேபியின் வாயை என் கை பொத்தியிருந்தது. எங்கள் இலக்கம் வந்தது. வாசித்தவன் கடுதாசியை மேலும் கீழும் பார்த்தான். தலையை ஆட்டிவிட்டுக் கடந்து போனான்.

அதற்குப் பிறகு நான் ஏன், எதற்கு என்று கேட்காமல் எந்தக் கடுதாசிக்கும் பெயர் கொடுத்ததில்லை. இங்கே சிற்றிசன் எடுத்தேன், வேறு வழியில்லாமல். வாக்குப் போட்டதில்லை. எங்கள் கட்டட வாசலில் ஒரு சின்னத் திரை இருக்கிறது. அம்புக்குறியை அமத்த அமத்தக் குடியிருப்பவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். என் வீடான 1107க்கு நேரே பெயர் இல்லை. கட்டடத்தைப் பார்க்கும் சூப்பரின்டென்ட் ஸ்டெபனி, பெயர் போட ஒரு போர்மை நீட்டிப் பதினொரு வருடமாகக் கேட்கிறாள். பீட்சாக்காரன் கீழே நின்று தடுமாறட்டும், பரவாயில்லை.

அந்த வருடம் முழுவதும் நான் லண்டன் சண்டைக்கு ஆதரவாளன். பங்குனியில் எட்டு வழிகளை வைத்து எட்டையும் வேண்டாம் என்றார்கள். அன்றைக்கு நான் எல்லாருக்கும் டோனட் வாங்கினேன். பங்குனி இருபத்தொன்பது என்று வைத்த விட்டுப்போகும் நாள் சித்திரைக்குப் போனது, சித்திரை ஐப்பசிக்குப் போனது, ஐப்பசி தைக்குப் போனது. ஒவ்வொரு முறையும் கடைசி நாள் வரை மலை விளிம்பில் நின்று ஒருவரை ஒருவர் "தள்ளு பார்ப்பம்" என்று வெருட்டுவார்கள். பிறகு இரண்டு அடி பின்னுக்கு வருவார்கள்.

"அண்ணை வேண்டுறதைப் பார்த்தா, லண்டன்காரருக்கு அரசாங்கமே வேண்டாம் போலை," என்பான் பத்மநாதன்.

"சண்டை பிடிக்கட்டும். சண்டை நடக்குமட்டும் என்ரை தங்கச்சி அங்கை இருப்பாள்."

கிளாக்கர் கப்பின் மூடியைத் திருப்பிக்கொண்டிருப்பார். அதையும் நான் சந்தேகப்பட்டேன்.

மார்கழியில் தேர்தல் வைத்தார்கள். தையில் போயே விட்டார்கள். அங்கே இருக்கிறவர்களுக்கு உடனே ஒன்றும் மாறாது என்றார்கள், நான் அதைப் பிடித்துக்கொண்டேன். பிறகு கொரோனா வந்தது. டோனட் கடைக் கதிரைகளைக் கவிழ்த்து வைத்தார்கள். ஒன்றரை வருடம் நாங்கள் மூன்று பேரும் ஒரே மேசையில் இருக்கவில்லை.

2021 ஆனி இருபத்தெட்டு. காலையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். தமிழ் ரேடியோவில் ஒரு பெண்பிள்ளை லண்டன் செய்தி வாசித்தாள். ஐரோப்பியப் பாஸ்போட்காரர் பதிவதற்கு இன்னும் இரண்டே நாள். பதியாதவர்கள் வேலையையும் வைத்தியத்தையும் இருக்கும் உரிமையையும் இழக்கலாம்.

தேத்தண்ணிப் பேணியைக் கீழே வைத்தேன். அறுபத்துநான்கு வயதில் என் தங்கச்சி பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? பிரான்சில் அவளுக்கு ஒருவரும் இல்லை. "பேர் குடுக்காதை" என்று சொன்னது நான். இரண்டு வருடமாக, கிழமைக்குக் கிழமை, அதையே சொன்னேன். அவளும் ஓம் அண்ணை, ஓம் அண்ணை என்றாள். சபைக்காரர் விளிம்பில் விளையாடிவிட்டுத் தங்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் விளிம்பில் விட்டது அவளை.

மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு பதினான்காம் மாடிக்குப் போனேன். லிஃப்டுக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கிளாக்கர் கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார். உள்ளே விட முடியாத காலம். ஒரு கதிரையை எடுத்து வெளியே கொரிடோரில் போட்டார், இன்னொன்றைத் தனக்கு உள்ளே போட்டார். நடுவில் வாசற்படி.

"கிளாக்கர், ஒரு போர்ம் நிரப்பவேணும்," என்றேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. "பேபிக்கு. ரெண்டு நாள்தான் இருக்காம். நான்தான் மறிச்சனான். உம்மடை காலிலை வேணுமெண்டாலும்..."

"இரும் காணும், இரும்." அவர் மாஸ்க்கைச் சரி செய்தார். "அது முடிஞ்சுது."

"என்ன முடிஞ்சுது? நாள் முடிஞ்சுதோ?"

"பேபியின்ரை பதிவு. 2019 சித்திரையிலையே. டோனட் கடையிலை நீர் கை கழுவப் போன அண்டைக்கு என்ரை நம்பரை வாங்கினவ. பதிவு திறந்து ரெண்டாங் கிழமை எனக்குப் போன் எடுத்தா. நான் இங்கையிருந்து எதை அமத்துறது எண்டு சொன்னன், அவ அங்கை போனிலை அமத்தினா. பாஸ்போட்டைப் போன் வாசிக்கேல்லை, நாலுதரம் வைச்சுப் பார்த்தவ. மூண்டு நாளிலை ஓம் எண்டு ஈமெயில் வந்திட்டுது."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லவேண்டாம் எண்டவ." அவர் கொஞ்சம் யோசித்து, பேபி சொன்னதை அப்படியே சொன்னார். "அண்ணையாலைதான் நான் உயிரோடை இருக்கிறன், அவருக்கு மாட்டன் எண்டு சொல்லேலாது. ஆனா இந்த வயசிலை எனக்கு இன்னொரு நாடு மாறவும் ஏலாது. தெரிஞ்சா அவர் நித்திரை கொள்ளார், எண்டு சொன்னவ."

கொரிடோரில் யாரோ பருப்புத் தாளித்த வாசம் வந்தது. நான் மாஸ்க்குக்குள் அழுதேன். கொரோனாவில் ஒரு நன்மை அது.

அழுகை அடங்கியதும் என் புத்தி பழைய இடத்துக்கே போனது. "கடுதாசி ஒண்டும் தந்தவங்களோ? கையிலை துண்டு ஒண்டுமில்லையோ?"

"துண்டு இல்லை. எல்லாம் கொம்பியூட்டரிலை."

"அப்ப அதை நம்பலாமோ?"

அவர் சிரித்தார். "நீர் திருந்தமாட்டீர்."

பிறகுதான் கேட்டேன். கேட்காமல் விட்டிருக்கலாம். "கிளாக்கர், எண்பத்திமூண்டிலை... அந்தக் கடுதாசியள்... உங்கடை கந்தோரிலை எழுதின இடாப்புத்தானே?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "ஓம். அவங்கடை கையிலை எப்பிடிப் போனதெண்டு எனக்குத் தெரியாது. தெமட்டகொடைப் பக்கம் எழுதினது நான். என்ரை எழுத்து. அதிலை ஒரு வீடு என்ரை. என்ரை மனுசியின்ரை பேரும் நான்தான் எழுதினன்."

பதினொரு வருடம் ஒரே மேசையில் இருந்த மனுசனிடம் அவர் மனுசி எங்கே என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. தனியாள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். அவர் மற்றவர்களுக்குப் போர்ம் எழுதுவதை மோப்பம் பிடித்துக்கொண்டு திரிந்தேன். அந்தக் கையால் மறுபடி பேனை பிடிக்க அவருக்கு என்ன பாடு பட்டிருக்கும் என்று நினைக்கவில்லை.

எனக்கு நன்றி என்ற சொல் வாயில் வராது. பழக்கம் இல்லை. வாசற்படிக்கு மேலால் கையை நீட்டினேன். கொரோனா என்று அவர் தயங்கினார். பிறகு பிடித்தார். எலும்பும் தோலுமான கை. கனநேரம் விடவில்லை, இரண்டு பேரும்.

வீட்டுக்கு வந்து பேபிக்கு எடுத்தேன். சமையலறைத் தொப்பியோடு திரையில் வந்தாள். "என்ன அண்ணை, இந்த நேரத்திலை? முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை. வெங்காயம் வெட்டினனான்."

"நான் ஒண்டுக்கும் பேர் குடுக்கேல்லை அண்ணை. நீங்கள் யோசியாதேங்கோ."

"ஓம் பேபி," என்றேன். "நல்ல வேலை செய்தாய்."

அவள் திரைக்குக் கிட்ட வந்து என்னைப் பார்த்தாள். பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வாறன்" என்று அங்கே சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பின்னேரம் கீழே போய் ஸ்டெபனியிடம் அந்தப் போர்மைக் கேட்டேன். அவள் என்னையும் போர்மையும் மாறி மாறிப் பார்த்தாள். என் பெயரை இங்கிலீசில் ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். திரையில் ஏற இரண்டு நாள் எடுக்கும் என்றாள்.

அப்படிச் சொல்லியும், வெளியே வந்து வாசல் திரையில் அம்புக்குறியை அமத்தினேன். பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின. சீனப் பெயர்கள், எங்கள் பெயர்கள், வாயில் வராத பெயர்கள். ஸ்ரீஸ்கந்தராசாவின் பெயர் திரைக்குள் அடங்காமல் பாதியில் அறுந்து நின்றது. 1107 வந்தது. நேரே வெறுமை. இரண்டு கையிலும் சாமான் பையோடு ஒரு பெண்பிள்ளை எனக்குப் பின்னால் காத்துக்கொண்டு நின்றாள். "ஒரு நிமிசம் பிள்ளை," என்று சொல்லிவிட்டு, முதலாவது பெயரிலிருந்து மறுபடியும் அமத்தத் தொடங்கினேன்.